கூடையோடு நிற்கிற அக்காவைப் பேசவிடுங்கள்

தேயிலைக்கு இடமுள்ள எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு பெண் கூடையோடு நிற்பார். சிவப்புச் சேலை, தலையில் வெள்ளைத் துணி, அதற்கு மேல் கயிறு, முதுகில் மலைப்பக்கமே போகாத புதுக் கூடை. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், அவர் சிரிப்பார், அடுத்த கூட்டம் வரும். இரண்டடி தள்ளி மேசையில் டை கட்டிய ஒரு தம்பி விலைப்பட்டியலோடு உட்கார்ந்திருப்பார், கேள்வியெல்லாம் அவரிடம் போகும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். மலையகத்தில் பிறந்த எல்லோருக்கும் உறுத்தும், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள், அதையே நான் திரும்ப எழுதப் போவதில்லை. நான் சொல்ல வருவது இந்தத் தொழிலுக்குள் இருந்து பார்த்த ஒரு விஷயம். பணத்தைக் கொட்டி ஸ்டோல் எடுத்து, பெனர் அடித்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு இறங்கி வந்த பிறகு, அந்தச் சரக்கைப் பற்றி எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த ஆளை வாய் திறக்காமல் நிறுத்திவைக்கிறார்கள். ஒரு ஸ்டோலில் இதைவிடப் பெரிய நட்டம் இல்லை என்பது என் கட்சி.

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் சின்ன அளவில் தேயிலை பக்கெட் போடுகிறவர்கள், நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி ஜாம் காய்ச்சுகிற பெண்கள், மாத்தளைப் பக்கம் மிளகும் கராம்பும் சேர்த்து விற்கிறவர்கள் என்று பலருக்குக் கண்காட்சி வேலை செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஸ்டோல் பதிவு, பெனர், சாம்பிள் கட்டுவது, வருகிறவர்களோடு இங்கிலீஷில் பேசுவது, எல்லாம் அதில் அடக்கம். முதல் தடவை போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: எந்த இடத்தில் ஸ்டோல் எடுக்கலாம், பெனர் எவ்வளவு பெரிசாக அடிக்கலாம். யாரை நிறுத்தலாம் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் சும்மா இருக்கிற மருமகன், லீவில் நிற்கிற பிள்ளை, அப்புறம் அழகுக்கு ஒரு கூடைக்கார அக்கா, இப்படி அது தானாக முடிவாகிவிடுகிறது.

படம் பழசு

இந்தக் கூடைப் படம் நேற்று வந்ததில்லை. இலங்கையில் முதன்முதலில் வியாபாரத்துக்கென்று ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883இல். அதற்குப் பத்தே வருடத்தில், 1893இல், சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இலங்கை தனிக் கட்டடமே போட்டது. ஜே. ஜே. கிரின்லின்டன் என்பவரை ஆணையாளராகப் போட்டு நடத்திய ஏற்பாடு அது. ஊர் உடையில் ஆட்களை நிறுத்திச் சுடச்சுடத் தேநீர் பரிமாறினார்கள். அந்தக் கண்காட்சியில் பத்து லட்சம் பக்கெட் விற்றது என்று தேயிலை வரலாறு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். திட்டமிடலாகப் பார்த்தால் அது கெட்டிக்காரத்தனம்தான். அமெரிக்காக்காரனுக்கு இலங்கை எங்கே இருக்கிறது என்றே தெரியாத காலத்தில், தெரியாத சரக்கைப் பேசி விற்காமல் முதலில் கோப்பையில் ஊற்றிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். சாம்பிள் கொடுப்பது என்று நாம் இன்றைக்குச் சொல்வது இதுதான்.

லிப்டன் 1890இல் இங்கே வந்து தோட்டங்கள் வாங்கினார், ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னையும் அதில் ஒன்று. 'தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பாத்திரத்துக்கு' என்று விளம்பரம் செய்து, கூடையோடு ஒரு தமிழ்ப் பெண்ணின் படத்தையும் போட்டார். நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் படம் பக்கெட், பெனர், காலண்டர் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்போது படத்துக்குப் பதில் ஆளையே கொண்டுவந்து நிறுத்துகிறோம். படத்திடம் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதால் ஆளிடமும் கேட்பதில்லை.

ஒன்பது சதுர மீட்டரில்

அந்த ஆளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஸ்டோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் இடம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தால்தான் அதில் யார் நிற்கிறார் என்பதன் பெறுமதி விளங்கும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் போடுகிற கடையும் கொழும்பில் நடக்கிற வர்த்தகக் கண்காட்சியும் ஒன்றில்லை. சீசன் கடையில் அன்றன்றைக்கு விற்றால் சரி. வர்த்தகக் கண்காட்சியில் அன்றைக்கு விற்கிற பக்கெட் கணக்கே இல்லை, ஆறு மாதம் கழித்து ஓடர் தரப்போகிற நாலைந்து பேரைப் பிடிப்பதற்காகத்தான் போகிறோம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், அதுதான் பொதுவாகக் கிடைக்கிற சின்ன ஸ்டோல். மூன்று பக்கம் வெள்ளைத் தட்டி, மேலே பெயர்ப்பலகை, ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பிளக். முன்பக்கத்தை அடைத்து மேசையைப் போட்டுவிட்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் முக்கால்வாசி ஆட்கள் தாண்டிப் போய்விடுவார்கள். மேசையைப் பக்கத்தில் தள்ளிப் போடுங்கள், ஆள் உள்ளே வந்து நிற்க இடம் விடுங்கள்.

தேயிலை கொண்டுபோகிறவர்களுக்கு இன்னும் சில தொல்லை உண்டு. தேயிலை பக்கத்தில் இருக்கிற வாடையை இழுத்துக்கொள்ளும், ஈரத்தையும் இழுக்கும். பக்கத்து ஸ்டோலில் ஊதுபத்தியோ வாசனைத் தைலமோ மிளகாய்த்தூளோ இருந்தால் நீங்கள் திறந்துவைத்த தட்டு மத்தியானத்துக்குள் கெட்டுப்போகும், ஆகவே இடம் பதியும்போதே பக்கத்தில் யார் என்று கேட்டுவிட வேண்டும். அப்புறம் கேத்தல். 2,000 வொட் கேத்தல் ஒன்று ஒன்பது அம்பியருக்குக் கிட்ட இழுக்கும், ஆனால் ஸ்டோலோடு வருகிற பிளக் பெரும்பாலும் லைட்டுக்கும் போன் சார்ஜுக்கும் கணக்குப் பார்த்துப் போட்டது. கேத்தலைப் போட்டதும் வரிசையில் நாலு ஸ்டோலுக்குக் கரண்ட் போனால் முதல் நாளே அக்கம்பக்கத்துப் பகையோடு தொடங்கும். கூடுதல் கரண்ட் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் காசும் கட்டிவிட வேண்டும். தண்ணீர் விஷயமும் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். கொழும்பில் 100. வீட்டில் பழகின அதே தூள், அதே நேரம் என்று ஊற்றினால் கொழும்பில் சாயம் கடுப்பாக இறங்கும். சுவை பார்க்கிறவர்களின் சர்வதேச முறை 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம், ஆறு நிமிடம். வருகிற வாடிக்கையாளர் அந்த முறையில் குடித்துப் பழகியவராக இருக்கலாம், ஆகவே கொழும்பில் ஏதாவது உறவுக்காரர் வீட்டில் முதல் நாள் ராத்திரியே ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

பெனரில் சிங்க இலச்சினை போடவேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். அது தேயிலைச் சபையின் சொத்து, நூறு வீதம் இலங்கைத் தேயிலையை இலங்கையிலேயே பக்கெட் செய்தவர்களுக்கு அனுமதியோடு கொடுப்பது. அனுமதி இல்லாமல் அடிக்காதீர்கள், விஷயம் தெரிந்த ஒரு வாடிக்கையாளர் கேட்டுவிட்டால் அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

முத்தின இலை

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில வருடத்துக்கு முன்னால் கொழும்பில் நடந்த ஒரு கண்காட்சிக்கு, டிம்புளைப் பக்கம் சின்னதாகத் தேயிலை பக்கெட் போடுகிற ஒருவரோடு போயிருந்தேன். நல்ல மனிதர், சரக்கும் நல்ல சரக்கு. கூடையோடு நிற்க ஒரு அக்காவைக் கூட்டி வந்திருந்தார். தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து, பென்சன் எடுத்த பிறகு அவருடைய பக்கெட் போடுகிற இடத்தில் வேலைக்கு வந்தவர். வாடகைக்கு எடுத்த சேலையைக் கட்டிவிட்டிருந்தார்கள். கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்கிற படங்கு இல்லை, ஸ்வெட்டர் இல்லை, கொழும்புப் புழுக்கத்தில் வேர்த்துப்போய் நின்றுகொண்டே இருந்தார். கூடைக்குள் போடுவதற்கு யாரோ வரும் வழியில் ரோட்டோரத்தில் வெட்டிக்கொண்டு வந்த தேயிலை. இரண்டாம் நாள் அது வாடித் தொங்கியது.

மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருந்தார், மேசையில் அவருடைய மருமகன். ஐரோப்பாவில் சின்னதாகத் தேயிலைக் கடை வைத்திருக்கிற ஒரு ஆள் வந்தார். படம் எடுக்கவில்லை. கூடைக்குள் கையை விட்டு ஒரு இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "அத வச்சு என்னத்தப் பாக்கப் போறாரு? அது முத்துன இலை. தராசுக்குக் கொண்டுபோனா கணக்கப்பிள்ளை கீழ கொட்டிருவாரு." அவர் என்ன சொன்னார் என்று அந்த மனிதர் என்னிடம் கேட்டார். மருமகன் வேண்டாம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் அப்படியே சொன்னேன்.

அவர் ஒரு நிமிடம் அக்காவையே பார்த்தார். பிறகு, நல்ல இலை எது என்று காட்டச் சொல்லிக் கேட்டார். அக்கா தலையிலிருந்த கயிற்றைக் கழற்றிக் கூடையை இறக்கி, விலைப்பட்டியல் அடுக்கிவைத்திருந்த மேசைமேலேயே கவிழ்த்தார். அவருடைய விரல்கள் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். குவியலைத் துழாவி, அடியில் கிடந்த கொஞ்ச நல்ல கொழுந்தைத் தனியாக எடுத்தார், இரண்டு இலை ஒரு மொட்டு. மொட்டின் அடிப்பக்கத்தில் வெள்ளை முடி மாதிரி மினுங்குவதை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். ஒரு முத்தின தண்டை எடுத்து வளைத்தார், அது நார்நாராகக் கிழிந்தது. வாடாத இளசாக இருந்தால் டிக்கென்று ஒடியும் என்றார். ஓரம் சிவந்துபோன இலைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, இது சாக்கில் அமுக்கி அடைத்ததால் நசுங்கிச் சிவந்தது, ஃபெக்டரிக்குப் போகும் முன்னாலேயே இது கெட்டுவிட்டது, இதைப் போட்டால் சாயத்தில் தெரியும் என்றார். எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஒரே மலையில் எடுப்பீர்கள் என்று அவர் கேட்டார். ஏழெட்டு நாள், மழை பெய்தால் சீக்கிரம் திரும்பவேண்டும், பனிக்காலத்தில் கொழுந்து மெதுவாகத்தான் வரும் என்றார் அக்கா. எப்போது நல்ல தேயிலை என்று கேட்டதற்குப் பதில் தயாராக இருந்தது: தை மாசியில், ராத்திரி குளிர்ந்து பகலில் வெயில் காய்கிற நாளில் எடுக்கிறது மணக்கும், மழைக்காலத்தில் நிறை இருக்கும், மணம் இருக்காது. டிம்புளையின் தரமான பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை என்று தேயிலைப் புத்தகங்களில் இருப்பதும் இதேதான். ஆனால் புத்தகத்தைப் படித்தவர் சொல்வதற்கும் அந்தக் குளிரில் கை விறைக்கக் கொழுந்து எடுத்தவர் சொல்வதற்கும் கேட்கிறவர் காதில் வித்தியாசம் இருக்கிறது. அந்த மனிதர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார்.

முதலாளி திரும்பி வந்தபோது மேசை முழுக்க இலை, சுற்றிவர ஆட்கள், பக்கத்து ஸ்டோல்காரர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் பதறிப்போனார். சரக்கு மோசம் என்று நம் ஆளே சொன்னால் யார் வாங்குவார்கள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா அவருடைய சரக்கை மோசம் என்று சொல்லவில்லை. அலங்காரத்துக்குப் போட்ட இலையைத்தான் சொன்னார், அதைச் சொன்னதாலேயே பக்கெட்டுக்குள் இருக்கிற தூளை அந்த மனிதர் நம்பினார். அவர் ஒருவர்தான் அந்தக் கண்காட்சி முழுவதிலும் சாம்பிள் கேட்டு, திரும்ப எழுதி, கடைசியில் ஓடரும் தந்தவர். சின்ன ஓடர்தான். படம் எடுத்துக்கொண்டு போன நூற்றுக்கணக்கான ஆட்களில் ஒருவர்கூட விலை கேட்டு எழுதவில்லை.

எதிர்த்துச் சொல்கிறவர்கள்

இதைச் சொன்னால் சிலர் மறுக்கிறார்கள். கூடைக்காரப் பெண் நின்றால் கூட்டம் சேரும், படம் பேஸ்புக்கில் போகும், செலவில்லாத விளம்பரம் என்கிறார்கள். கூட்டம் சேர்வது உண்மை. அந்தக் கூட்டம் ஒன்பது சதுர மீட்டரின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, கையில் பட்டியலோடு வருகிற வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டோலுக்குப் போகிறார். அவருக்கு நின்று காத்திருக்க நேரமில்லை. இங்கிலீஷ் தெரியாதே என்பது இன்னொரு மறுப்பு. மொழிபெயர்க்க ஒரு ஆள் போட்டால் தீர்ந்தது, நம்முடைய பிள்ளைகளில் படித்தவர்கள் எத்தனை பேர் வேலை தேடிக்கொண்டு இருக்கிறார்கள்.

நான் மதிக்கிற மறுப்பு வேறொன்று. அது நம் வீடுகளிலிருந்து வருவது. கொழுந்துக் கூடையிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவரத்தானே இவ்வளவு பாடுபட்டோம், மறுபடி ஏன் அந்தக் கூடையோடு போய்க் கொழும்பில் நிற்கவேண்டும் என்று டீச்சராக இருக்கிற ஒரு மகள் என்னிடம் நேரிலேயே கேட்டார். தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருடக்கணக்கில் ரோட்டில் இறங்கி, அது அரசாங்க வர்த்தமானியில் வந்ததே 2021இல்தான். அந்தக் கூடையை அழகென்று பார்க்க அவரால் முடியாது, நான் பார்க்கச் சொல்லவும் மாட்டேன். அதனால்தான் வேஷத்தை எடுத்துவிட வேண்டும் என்கிறேன். விருப்பம் இல்லாதவரை அழைக்கக்கூடாது. விருப்பத்தோடு வருகிறவர் தன்னுடைய நல்ல சேலையில், மற்றவர்களுக்கு இருக்கிற மாதிரியே பெயர் எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டு, கதிரையில் உட்கார்ந்து பேசவேண்டும். சேல்ஸ் வேலைக்கு வருகிறவருக்கு என்ன நாட்காசோ அதே காசு. பஸ், சாப்பாடு, தங்குமிடம் தனி. விடிய விடிய ஹட்டன் பஸ்ஸில் வந்தவரைக் காலையில் பத்து மணிக்கு நிறுத்தாமல், முதல் நாளே வரவழைத்து ஒரு ராத்திரி தூங்கவிட வேண்டும்.

இப்போது நான் ஸ்டோல் போடுகிற முறை கொஞ்சம் மாறிவிட்டது. மேசையில் ஏழெட்டு வெள்ளைத் தட்டு வைக்கிறோம்: பச்சைக் கொழுந்து, வாட்டம் போட்டது, ரோலரில் அரைத்தது, டிரையரிலிருந்து வந்தது, சலித்துப் பிரித்த தூள் ரகங்களான பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட். முத்தின இலைக்கும் நசுங்கின இலைக்கும் ஒரு தட்டு. பச்சைக் கொழுந்து வாடிவிடும் என்பதால் தினமும் ஹட்டனிலிருந்து ஈரத்துணியில் சுற்றி ராத்திரி பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்கிறேன், காலையில் கொழும்புக் கோட்டையில் போய் வாங்கிக்கொள்ளலாம். வருகிறவர் தொட்டுப் பார்க்கலாம், ஒடித்துப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம். பேசப்போகிறவரோடு முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து, என்னென்ன கேட்பார்கள் என்று ஒன்றொன்றாகப் பேசிவிடுகிறோம். பதிலை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை, மனப்பாடம் செய்தால் நன்றாகப் பேசுகிறவர்கூடத் தடுமாறிப் போகிறார். விலையும் மற்ற வாடிக்கையாளர்களின் பெயரும் மட்டும் முதலாளியோடு நிற்கட்டும் என்பது தவிர எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. மொழிபெயர்க்கிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அவர் சொன்னதைச் சொல்லுங்கள், மினுக்கிச் சொல்லாதீர்கள்.

ஜாம் காய்ச்சுகிறவர்களுக்கும் மிளகு விற்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். மிளகைக் கையில் தேய்த்துப் பார்த்தே அது எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்கிற ஒரு ஐயா மாத்தளையில் இருக்கிறார், அவர் மகன் அவரைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போவதே இல்லை. அடுத்த தடவை கூட்டிவரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கண்காட்சிக்கு முன்னால் செய்யவேண்டிய வேலையிலும் இது உதவுகிறது. வரப்போகிற வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்னதாக எழுதவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் எங்கள் ஸ்டோலுக்கு வாருங்கள் என்று மட்டும் எழுதினால் பதில் வராது. இந்த நேரத்தில், டிம்புளையில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவரோடு உட்கார்ந்து பச்சை இலையிலிருந்து கோப்பை வரை பார்க்கலாம் என்று எழுதினால் பதில் வருகிறது, நேரம் குறித்துக்கொண்டு வருகிறார்கள். நேரம் குறித்து வருகிறவர் பக்கெட்டைப் புரட்டிவிட்டுப் போகிறவர் இல்லை.

முடிந்த பிறகு செய்கிற வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விசிட்டிங் கார்ட்டின் பின்பக்கத்தில் அந்த ஆள் என்ன கேட்டார் என்று அங்கேயே நின்று எழுதிவிட வேண்டும், ஊர் திரும்பியபிறகு எல்லாக் கார்ட்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு வாரத்துக்குள் எழுதவேண்டும், கேட்ட கேள்விக்குப் பதிலோடு. அந்த ஐரோப்பியக் கடைக்காரர் முதல் ஓடர் போன பிறகு, இரண்டாவது சரக்கு ஏன் சாயம் மெல்லிசாக இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். முதலாளி என்ன பதில் எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். அந்த வாரம் மழை, பத்து நாள் தள்ளித்தான் அந்த மலைக்குத் திரும்பினார்களாம், அடுத்ததை வெயில் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். அதை அப்படியே தட்டி அனுப்பினேன். விலை குறைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. அடுத்த சரக்கை எந்த மாதம் எடுத்தால் நல்லது என்று அந்த அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார், ஓடரையும் அதன்படி ஜனவரிக்குத் தள்ளிப் போட்டார்.